தெல்தெனியவில் பொழுது சாய்ந்த பிறகு

தெல்தெனிய நகரில் மாலை ஐந்தரைக்குப் பிறகு இரண்டு இடங்களில் கூட்டம் சேர்கிறது. ஒன்று பஸ் தரிப்பிடம். பல்லேகல கைத்தொழில் வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை முடித்த பெண்கள், மேலதிக வகுப்பு விட்டு வரும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் தோட்டத்துப் பாட்டிமார். ரங்கல பக்கமோ ஹுன்னஸ்கிரிய பக்கமோ போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் இவர்களுக்கு வேறு வழியில்லை. அதனால் எல்லோருடைய கண்ணும் வீதி வளைவிலேயே இருக்கிறது. மற்றது வைன் ஸ்டோர் வாசல். அங்கே பெண் ஒருத்தியும் இல்லை.

கண்டியிலிருந்து தம்பியோடு வந்திருந்தேன். ஏறத்தாழ 25 கிலோமீற்றர். குண்டசாலை, பல்லேகல, திகன, ராஜவெல்ல என்று மகியங்கனை வீதியில் வந்தால் மலைகள் விலகி, விக்டோரியா நீர்த்தேக்கம் இடையிடையே தெரியும். ஐரோப்பாவின் ஆற்றங்கரை நகரங்களில் இரவு எப்படிக் களைகட்டுகிறது என்று எழுதியவர்கள் நிறையப் பேர். பெல்கிரேடில் சாவா ஆற்றிலும் தன்யூப் ஆற்றிலும் மிதக்கும் தெப்பங்களில் விடியும்வரை பாட்டும் ஆட்டமும் நடக்கும். புடாபெஸ்டில் பாழடைந்த பழைய கட்டடங்களையே மதுக்கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் மலைநாட்டிலும் நீர்க்கரையில் ஊர்கள் உண்டு. இங்கே பொழுது சாய்ந்த பிறகு யார் எங்கே உட்காருகிறார்கள், யார் குடிக்கிறார்கள், யாருடைய காசில் குடிக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

வைன் ஸ்டோரின் முகப்பில் இரும்புக் கம்பி வலை. கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே தட்டுகளில் தென்னஞ்சாராயப் போத்தல்கள், லயன் பியர், மலிவான ஜின். வந்தவர்கள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 'கால்', 'அரை' என்று அளவைச் சொல்கிறார்கள். காசைப் பார்த்ததும் எது வேண்டுமென்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய பத்திரிகையில் சுற்றிய போத்தல் இடுப்பு வேட்டிக்குள் போகிறது. பக்கத்துப் பெட்டிக்கடையில் அவித்த கடலை, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், பிளாஸ்டிக் கோப்பை, தண்ணீர்ப் போத்தல். அதற்குப் பிறகு எங்கே போவது என்பதுதான் இவர்களின் பெரிய பிரச்சினை. பொது இடத்தில் குடித்தால் பொலிஸ் பிடிக்கும். வீட்டில் குடித்தால் சண்டை. ஆகவே கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், நிறுத்திவைத்த த்ரீ வீலுக்குள், மதகுச் சுவரின் மறைவில், நின்றபடியே ஐந்து நிமிடத்தில் ஊற்றி முடிக்கிறார்கள். தண்ணீர் கலக்கக்கூடப் பொறுமை இல்லை. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. ஒளித்துக் குடிக்க வேண்டியவன் விரைவாகக் குடிக்கிறான். விரைவாகக் குடிப்பவனுக்கு வெறி சீக்கிரம் ஏறுகிறது. கதிரையில் உட்கார்ந்து, எதிரே ஒரு முகத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் எடுத்து ஒரு கோப்பையைக் குடிக்கிறவனுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த ஒழுங்கை முனையில் நின்று கண்ணால் பார்த்தேன்.

கம்பி வலைக்கு அருகே போய், ஒரு பியர் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் மரியாதையாகச் சிரித்து, தம்பியைக் காட்டி, அவரிடம் காசைக் கொடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, விதி அப்படி. 1979இல் கொண்டுவந்த மதுவரி விதி பெண்களுக்கு மது விற்பதையும், மது விற்கும் இடங்களில் பெண்கள் அனுமதியின்றி வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி வெளியிட்டு அந்தத் தடையை நீக்கினார். அது சில நாட்களே நின்றது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை விலக்கிக்கொள்ளச் சொன்னார். தடை திரும்ப வந்தது. கொழும்பு ஹோட்டல்களில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெளிநாட்டுப் பெண் கேட்டால் கண்டியிலும் கொடுக்கிறார்கள். கம்பி வலைக்கு முன்னால் நிற்கும் உள்ளூர்ப் பெண்ணுக்குத்தான் அந்த விதி உயிரோடு இருக்கிறது.

குடிக்கும் உரிமை எனக்கு வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் குடிப்பதில்லை. ஆனால் இந்த நாட்டில் ஒரு போத்தலுக்கான காசு எந்தக் கையிலிருந்து வருகிறது என்று தேடிப்போனால், அது பல வேளை பெண்ணின் கையாகத்தான் இருக்கிறது. அவளுக்கு விற்கக்கூடாது, அவள் உழைப்பை விற்று வாங்கலாம். இதை நான் சாகும்வரை ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

நகரிலிருந்து கீழே இறங்கினோம். இப்போது நாம் தெல்தெனிய என்று சொல்வது புது நகரம். கரலியத்தை மேட்டில் அமைத்தது. பழைய தெல்தெனிய நீருக்கு அடியில் இருக்கிறது. துரித மகாவலித் திட்டத்தில் பிரித்தானிய உதவியோடு கட்டிய விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். இலங்கையின் மிக உயர்ந்த அணை. 1985 ஏப்ரல் 12 அன்று ஜே. ஆர். ஜயவர்தனவும் மார்கரட் தட்சரும் திறந்து வைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே நீர் ஏறத் தொடங்கி, பஜார், வயல், கோவில், பள்ளிவாசல், விகாரை எல்லாவற்றையும் மூடிவிட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது சுவர்களும் பழைய வீதியும் மேலே வரும். அப்போது ஊர்ச் சனம் குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போகும். நான் போன மாலையில் நீர் பாதி இறங்கியிருந்தது. சேறு வெடித்த கரையில் தார் வீதியின் ஒரு துண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போவது மட்டும் தெரிந்தது.

கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். பழைய பஜாரில் வாப்பாவுக்குப் புடவைக்கடை இருந்ததாம். 'சந்தை நாளைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் பெட்ரோமெக்ஸ் எரியும் மகள். எங்கட கடையில சிங்களச் சனம், தோட்டத்துச் சனம் எல்லாம் வந்து குந்தியிருந்து கதைப்பாங்க. தேத்தண்ணிக் கடை ரெண்டு மூணு. அங்கால தவறணை. குடிச்சவன் தவறணையில இருப்பான், குடிக்காதவன் தேத்தண்ணிக் கடையில இருப்பான். எல்லாருக்கும் ஓர் இடம் இருந்துச்சி.' புது நகரத்தைத் திட்டமிட்டவர்கள் வீதி போட்டார்கள், கடைத்தொகுதி கட்டினார்கள், நீதிமன்றம், ஆஸ்பத்திரி எல்லாம் கொடுத்தார்கள். மாலையில் குந்தியிருந்து கதைக்க ஓர் இடம் வேண்டும் என்று எந்த வரைபடத்திலும் யாரும் குறிக்கவில்லை. நாட்டின் மிக அழகான நீர்ப்பரப்புகளில் ஒன்றை ஒட்டி நகரம் இருக்கிறது. அதன் கரையில் நான் நடந்த தூரத்தில் ஒரு வாங்கு இல்லை, ஒரு விளக்குக் கம்பம் இல்லை. ஆறரைக்குப் பிறகு அந்தக் கரைக்கு ஒரு பெண் தனியே வர முடியாது. வருகிறவர்கள் கால் போத்தலோடு வருகிறார்கள்; சேற்றில் புதைந்து கிடக்கும் கண்ணாடித் துண்டுகள் அதற்குச் சாட்சி.

புடாபெஸ்டின் பாழ்மதுக்கூடங்களை இங்கே நினைத்துக்கொண்டேன். அவற்றில் பேர்பெற்ற சிம்ப்ளா கெர்ட் இருப்பது பழைய யூதர் குடியிருப்பில், கசின்சி வீதியில். அந்த வீடுகளில் வாழ்ந்த மனிதர்களில் பலர் இரண்டாம் உலகப் போரில் கொல்லப்பட்டார்கள் அல்லது துரத்தப்பட்டார்கள். கட்டடங்கள் பல பத்தாண்டுகள் இடிந்து கிடந்தன. 2000களின் தொடக்கத்தில் சில இளைஞர்கள் உடைந்த கதிரைகளைப் போட்டு அங்கே உட்காரத் தொடங்கினார்கள். இன்று அதே கட்டடத்தில் இரவில் மது, ஞாயிறு காலையில் காய்கறிச் சந்தை. இழப்பு இழப்புத்தான், அதை யாரும் ஈடு செய்யவில்லை. ஆனாலும் பாழ்பட்ட இடத்துக்கு மனிதர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வழி கிடைத்தது. அம்ஸ்டர்டாமில் இரவு வாழ்க்கைக்கென்று 'இரவு மேயர்' ஒருவரையே வைத்தார்கள். சத்தம், பாதுகாப்பு, கடைசி பஸ், தெருவிளக்கு, அயலவரின் தூக்கம் எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பது அவர் பொறுப்பு. 2016இல் லண்டனும் அதைப் பின்பற்றியது. இரவையும் ஒரு நகரம் நிர்வகிக்க வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. தெல்தெனியவின் இரவில் அரசாங்கம் என்று இருப்பது பொலிசும் மதுவரித் திணைக்களமும் மட்டுமே.

நீர்க்கரையில் உட்கார்ந்து குடிக்க இந்தப் பக்கத்தில் இடமே இல்லையென்று சொல்லக்கூடாது. ராஜவெல்லவில் நீர்த்தேக்கத்தை ஒட்டி விக்டோரியா கொல்ஃப் மைதானம் இருக்கிறது, 1999இல் திறந்தார்கள். பழைய தோட்டக் காணி அது. புல்வெளி, மாமரம், தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர், கீழே நீர். பார்ப்பதற்கு மிக அழகான இடம். வாசலில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அந்தக் காணியில் ஒரு காலத்தில் பேர் போட்டு உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அங்கே புல் வெட்டுகிறார்கள், பந்துப் பை தூக்குகிறார்கள். நல்ல வேலை, ஒழுங்கான சம்பளம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். அந்தக் கரையில் மாலையில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டபோது, 'அது மெம்பர்மாருக்குங்க' என்றார்.

மறுநாள் மலைக்கு ஏறினோம். மெதமஹநுவரவைத் தாண்டும்போது தம்பி வண்டியை மெதுவாக்கினான். 1815 பெப்ரவரி 18 அன்று கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஒளிந்திருந்து பிடிபட்டது இந்தப் பக்கத்தில்தான். அடுத்த மாதம் கண்டி உடன்படிக்கை. அதன் பிறகு மலைநாட்டுக்குள் வந்தவற்றில் கோப்பிக்கும் வீதிக்கும் அடுத்ததாகச் சாராயத்தைச் சொல்ல வேண்டும். தவறணை நடத்தும் உரிமையை ஆங்கிலேயர் ஏலத்தில் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் குறித்த காலத்துக்குள் போட்ட பணத்தையும் இலாபத்தையும் எடுத்தாக வேண்டும். ஆகவே எங்கே கூலி புழங்குகிறதோ அங்கே தவறணை திறந்தார். கூலி புழங்கிய இடம் தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து நடந்துவந்த சனத்தின் பிடரியிலேயே சாராயமும் மலையேறியது. மொரட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் த சொய்சா போன்றவர்களின் செல்வத்தில் சாராயக் குத்தகைக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய மகன் சார்ள்ஸ் ஹென்றி 1870இல் எடின்பரோ கோமகனுக்கே விருந்து வைத்தார். ஆஸ்பத்திரியும் பாடசாலையும் கட்டிக்கொடுத்தார். இலங்கை முதலாளி வர்க்கம் எழுந்த கதையைக் குமாரி ஜயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு கொழும்பின் சில பெரிய கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லயத்து வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

இதை எதிர்த்த இயக்கமும் பெரியது. 1904இல் ஒரு முறை, 1912இல் மதுவரிச் சட்டம் வந்து கள்ளுத் தவறணைகள் பெருகியபோது இன்னொரு முறை, மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் பரவியது. அநகாரிக தர்மபால, டி. பி. ஜயதிலக, சேனநாயக்க சகோதரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். 1915 மே மாதக் கடைசியில் கண்டி நகரில் ஊர்வலத் தகராறில் தொடங்கிய கலவரம் முஸ்லிம்களுக்கு எதிராக நாடெங்கும் பரவியது. அரசாங்கம் இராணுவச் சட்டம் போட்டு, மதுவிலக்குத் தலைவர்களையும் பிடித்துச் சிறையில் அடைத்தது. அவர்களுக்காக இலண்டனுக்கே போய் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். அந்த இயக்கத்தின் தியாகத்தை மதிக்கிறேன். ஆனால் அது தோட்டத்து லயத்துக்குள் வந்து யாரையும் விசாரிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரங்கல வீதியில் ஒரு தோட்டச் சந்தி. மூன்று கடை, ஒரு மாரியம்மன் கோவில், சற்றுத் தள்ளி மதுக்கடை. கோவிலுக்கும் பாடசாலைக்கும் பக்கத்தில் அனுமதி கொடுக்கக்கூடாது என்று விதி உண்டு. அதனால் சந்தியிலிருந்து ஒரு வளைவு தாண்டி வைத்திருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து சந்திக்கு வரும் குறுக்குப் பாதை அந்த வளைவில்தான் வந்து முடிகிறது. கடைக்கு இடம் பார்த்தவர் ஊரை நன்றாகத் தெரிந்தவர்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அக்காவோடு லயத்து வாசலில் உட்கார்ந்தேன். பெயர் போட வேண்டாம் என்றார். சம்பளம் மாதம் பத்தாம் திகதி. ஒரு காலத்தில் பெண்ணின் சம்பளத்தையும் புருஷனே போய் வாங்கி வருவான். ரேச்சல் குரியன் 1982இல் சர்வதேசத் தொழில் நிறுவனத்துக்காகத் தோட்டப் பெண்களைப் பற்றி எழுதியபோது இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். 'இப்ப பேங்குல விழுது. ஆனா கார்டு யாருகிட்ட இருக்குன்னு கேளுங்க' என்றார் அக்கா. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆக 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் 1,350 ஆனது. அதுவும் வேலை நாளுக்குத்தான். ஒரு கால் போத்தலின் விலை அந்த ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வரி கூடக் கூட விலை கூடுகிறது. விலை கூடினால் குடி குறையும் என்று கொழும்பில் நினைக்கிறார்கள். இங்கே நடப்பது வேறு. கசிப்புக்கு மாறிவிடுகிறார்கள். காட்டோரத்தில் சீனியும் ஈஸ்டும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சி, பிளாஸ்டிக் பையில் விற்பது. சாராயத்தின் தரத்தைப் பார்க்கவாவது ஒரு திணைக்களம் இருக்கிறது. கசிப்புக்குள் என்ன இருக்கிறது என்று குடிப்பவனுக்கும் தெரியாது.

'குடிக்கிறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் தங்கச்சி' என்றார் அவர். 'மலையில அட்டைக் கடியிலயும் மழையிலயும் நின்னுட்டு வந்தா எனக்கே ஒடம்பு வலி தாங்க முடியல. அந்தக் காலத்துல எங்கம்மாவும் திருவிழாவுக்கு ஒரு கிளாஸ் குடிக்கும். இப்ப இதுங்க குடிக்கிறது வலிக்கு இல்ல. பொழுது போறதுக்கு வேற எடம் இல்ல. வாசகசாலை பூட்டியே கெடக்கு. கிரவுண்டுல லைட்டு இல்ல. பத்துக்குப் பத்து ரூம்புல ஆறு பேரு. ஒரு ஆம்பள அஞ்சு மணிக்கு மேல எங்க போயி இருப்பான்?' பிறகு கொஞ்ச நேரம் கழித்து, 'நான் எங்க போயி இருப்பேன்?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றில் மிக முக்கியமான வார்த்தை அதுதான்.

அந்த ஊரிலேயே கித்துள் மரம் ஏறும் ஒரு சிங்கள ஐயாவைப் பார்த்தோம். பாளையைச் சீவி, முட்டியில் ஹல் மரப்பட்டை போட்டு வைத்தால் பதநீர் புளிக்காது. அதைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் எடுப்பார்கள். பட்டை போடாமல் விட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. காலையில் இறக்கிய இனிப்புப் பதநீரை ஒரு சிரட்டையில் எனக்குக் கொடுத்தார். லேசான புகை வாசம், நாக்கில் வழுவழுப்பு. கள்ளு விற்க அனுமதி எடுப்பது பெரும்பாடு என்று தம்பியிடம் குறைப்பட்டார். உள்ளூரில் இறங்கும் மெல்லிய கள்ளுக்குப் பெரும்பாடு. வெளியூரிலிருந்து லொறியில் வரும் காட்டமான சாராயத்துக்கு வழி சுலபம். 2024இல் மட்டும் நாடு முழுவதும் 361 மது அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியல் வைத்தார்கள். அரசியல் தயவில் கொடுத்தவை என்று பெரிய சர்ச்சை. அந்தப் பட்டியலைப் பார்த்த அன்று, ஒரு வாசகசாலையைத் திறந்து வைக்க எத்தனை பேர் அமைச்சர் வீட்டு வாசலில் காத்து நிற்பார்கள் என்று யோசித்தேன்.

திரும்பும்போது தெல்தெனிய எரிபொருள் நிலையத்தைக் கடந்தோம். 2018 பெப்ரவரி 22 இரவு இங்கேதான் வாகனத் தகராறில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை நான்கு முஸ்லிம் இளைஞர்கள் தாக்கினார்கள். அவர்கள் போதையில் இருந்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. சாரதி மார்ச் 3 அன்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடுத்த நாளிலிருந்து திகனயிலும் தெல்தெனியவிலும் பிறகு கண்டி மாவட்டத்தின் பல இடங்களிலும் முஸ்லிம்களின் வீடு, கடை, பள்ளிவாசல் எரிந்தன. மார்ச் 6 அன்று நாடு முழுவதும் அவசரகாலநிலை. பிறகு சமூக ஊடகங்கள் முடக்கம். குடியால் வந்த வினை என்று அதைச் சொல்லி முடிக்கிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு மனிதரின் சாவுக்கு அந்த இரவின் வெறிக்குப் பங்கு இருந்திருக்கலாம். கடை கடையாக அடையாளம் பார்த்து எரித்ததற்கு வெறி காரணம் இல்லை. அது நிதானமாக யோசித்தவர்களின் வேலை. நீர்க்கரையில் தூண்டில் போட்ட அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்கத் துணிவு வரவில்லை. அவரே சொன்னது ஒன்றுதான்: அதற்குப் பிறகு பஜாரில் கடைகளைச் சீக்கிரம் பூட்டிவிடுகிறார்கள். இருட்டில் ஊருக்கு மிச்சமிருந்த கொஞ்ச வெளிச்சமும் அப்படித்தான் போயிற்று.

கண்டிக்கு வந்து சேர ஏழு மணி தாண்டிவிட்டது. கண்டி பெரிய நகரம், ஆனால் அதன் இரவு சிறியது. தலதா மாளிகையைச் சுற்றிய புனித வளாகம், வாவிக்கரை, அதைத் தாண்டினால் ஓரிரு வீதிகளில் மதுக்கூடங்கள். பழைய குவீன்ஸ் ஹோட்டலில் ஒரு பார். ராஜ வீதிப் பக்கமும் தலதா வீதிப் பக்கமும் சில. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தபோது வெள்ளைச் சிப்பாய்களும் அதிகாரிகளும் நிறைந்த இரவுகளை இந்த நகரம் பார்த்தது. பிறகு பியர் பற்றி எழுதிப் பேர்பெற்ற ஆங்கிலேயரான மைக்கேல் ஜாக்சன் கண்டிக் கடையொன்றில் லயன் ஸ்டவுட்டைக் குடித்து வியந்து எழுதினார். நுவரெலியாவின் குளிரில் பிறந்த அந்தக் கறுப்புப் பியருக்கு உலகெங்கும் ஆள் சேர்ந்தது.

நாங்கள் போன மதுக்கூடம் மேல்மாடியில். மரத்தூண்கள், மஞ்சள் விளக்கு, மெல்லிய சத்தத்தில் பழைய ஆங்கிலப் பாட்டு, கீழே வீதியில் பஸ் இரைச்சல். ஜெர்மன்காரர் குழு ஒன்று, பேராதனைப் பல்கலைக்கழகப் பையன்கள் நாலைந்து பேர், மூலையில் ஒரு சிங்களத் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு முன்னால் வைன் கோப்பை. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எலுமிச்சைச் சோடா, தம்பிக்கு ஒரு பியர், இருவருக்கும் டெவில்ட் கோழி. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். பையன்கள் ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்தார்கள், கிரிக்கெட் பேசினார்கள், பில்லைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு நிதானமாகப் படியிறங்கிப் போனார்கள். தெல்தெனிய ஒழுங்கையில் பார்த்ததும் இதே மதுதான். கதிரையும் வெளிச்சமும் எதிரே ஒரு முகமும் கூட இருந்ததால் வந்த மாற்றம் இது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் கொடுத்த பணம் கொழுந்து பறிக்கும் அந்த அக்காவின் பல நாட்சம்பளம்.

பரிமாறிய பையன் தமிழில் பேசினான். ஊர் கேட்டேன். ரங்கல பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து, அப்பா முன்பு கவ்வாத்து வேலை, இப்போது சும்மா. வேலை முடிய இரவு பதினொன்று ஆகும். அந்த நேரத்துக்குத் தெல்தெனியவுக்கே பஸ் இல்லை, அதற்கு மேல் ரங்கலவுக்கு எங்கே. ஊழியர் அறையில் படுத்துக்கொள்கிறான்.

'அப்ப வீட்டுக்கு எப்ப போவீங்க தம்பி?'

'போயாவுக்குத்தான் அக்கா. அன்னைக்கு பார் பூட்டு. காலையில மொதல் பஸ்ஸுல போயிடுவேன். எங்க ஊர்லயும் கடை பூட்டு. களவா விப்பாங்க, ஆனா வெல டபுள். அப்பா வாங்க மாட்டாரு. அன்னைக்கு மட்டும் அவரு வீட்டுல இருப்பாரு. மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவோம்.'

பக்கத்து மேசையில் ஜெர்மன்காரர் கையை உயர்த்தினார். இன்னும் இரண்டு லயன் என்று விரலைக் காட்டினார். 'வந்துர்றேன் அக்கா' என்று சொல்லிவிட்டு அவன் போனான்.